அண்டாவில் வந்த சத்யா

“எங்கிட்ட எதாவது கேக்கணுமா வனிதா?”

“ஒண்ணுமில்லீங்க.”

“இருந்தா இப்பவே கேட்டுரு. அப்புறமா மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு மூஞ்சியைத் தூக்கக் கூடாது.”

“அதான் ஒண்ணுமில்லேன்னேன்ல. டீ ஆறுது, குடிங்க.”

நிச்சயம் முடிந்த மறுவாரம், திருமயம் கோட்டைக்கு எதிரே ஒரு டீக்கடையில் பிரசாந்தும் வனிதாவும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். கேட்க ஒன்று இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

இன்று காலை அதற்கு மேல் இன்னொன்று வந்து சேர்ந்தது. இது விழுங்கக் கூடியது இல்லை. பித்தளை அண்டா.

புதுக்கோட்டை கீழராஜ வீதியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் ‘கலைமதி துப்பறியும் நிலைய’த்தின் ஒரே மேஜையை முழுவதுமாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்த அண்டா. அதன் கழுத்தில், இரண்டு பக்கமும் கொடிப் பூ போட்டு, கம்ப்யூட்டர் எழுத்தில் அழகாக வெட்டியிருந்தார்கள்:

பிரசாந்த் – சத்யா.

சீர்வரிசைப் பாத்திரம். மணமகன் பெயர் சரி. மணமகள் பெயர்தான் வேறு யாருடையதோ.

கலைமதி கைப்பைக்குள்ளிருந்து ஒரு பிடி வறுத்த கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நாற்பதைத் தொட்ட, நிதானமான பெண்மணி. கடலை தீர்வதற்குள் பாதி வழக்கு தீர்ந்துவிடும் என்று வனிதாவே வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வாள். இரண்டு வருடமாக வனிதாவுக்கு இங்கே உதவியாளர் வேலை. புருஷன் சட்டையில் ஒட்டிய முடியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வரும் பெண்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவர்கள் போனதும் சிரித்து மாய்ந்து போகிறவள். இன்று அவள் அண்டாவையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

“எப்படிடி கொண்டாந்த?”

“அன்னவாசல்லேருந்து பஸ்லதான். கண்டக்டர் பேரைப் படிச்சுட்டு, ‘கல்யாணமாம்மா சத்யா? நல்லாரு’ன்னு வாழ்த்துறாருக்கா. எனக்கு ஓடுற பஸ்லேருந்து குதிச்சுரலாம்னு இருந்துச்சு. அண்டா மேல விழுந்துருமேன்னு விட்டேன்.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“அழுதுச்சு. அப்புறம் புளி போட்டுத் தேச்சுச்சு. தேச்சதுல சத்யா இன்னும் பளபளன்னு ஆயிட்டா.”

கலைமதி சிரிக்கவில்லை. அவளுக்குத் தெரியும், வனிதா அதிகமாக வேடிக்கை பேசினால் உள்ளே ஏதோ எரிகிறது என்று அர்த்தம். அன்னவாசல் வீட்டில் இருப்பது வனிதாவும் அம்மா மூக்காயியும் மட்டும்தான். நாளைக் காலையில் சொந்தபந்தம் எல்லாம் வந்து, சீர் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு திருமயத்துக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் இந்தப் பெயருக்கு ஒரு பதில் வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று வீட்டிலிருந்து புறப்படும்போதே சொல்லிவிட்டு வந்திருந்தாள் வனிதா. சொன்னபோது குரல் உடைந்ததை அம்மா கவனித்துவிட்டாள் என்பதுதான் அவளுக்குக் கூடுதல் கோபம்.

“சரி. யாரு இந்தச் சத்யா?”

“பாத்திரக்கடையில கம்ப்யூட்டர்ல பேரு அடிக்கிற பொண்ணு. அந்தக் கடைக்கு சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்ததே இவருதான். போன்ல எங்கிட்டப் பேசுறதுல பாதி அவ புராணம்தான். ‘சத்யா இப்படிக் கேட்டாங்க, சத்யாவுக்கு அந்தக் கலர் பட்டன் புடிக்கல.’ எனக்கு என்ன கலர் புடிக்கும்னு அந்த மனுசன் இன்னும் கேக்கலக்கா.”

“ஒனக்கு என்ன கலர் புடிக்கும்?”

“இப்போதைக்கு செவப்பு. ரத்தச் செவப்பு.”

கலைமதி அண்டாவுக்குள் கையை விட்டு ஒரு தூக்குவாளியை வெளியே எடுத்தாள். “இது என்ன?”

“அதுவும் சீர்தான். அதுல இவரு பேரு மட்டும் இருக்கு. பக்கத்துல ஒரு கோடு, அதுக்கப்புறம் காலி. மெஷின்ல பழுதாம், அம்மா சொல்லுது.”

“மத்த பாத்திரம்?”

“எல்லாம் சரியா ‘பிரசாந்த் – வனிதா’. ஒரு தாம்பாளம் மட்டும் வரல. நாளைக்கு அனுப்புறோம்னு கடையில சொல்லிட்டாங்களாம். தாம்பாளமா இப்ப முக்கியம்? மாப்பிள்ளையே கை மாறிப் போய்க்கிட்டிருக்காரு!”

கலைமதி தூக்குவாளியின் காலி இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். “சரியாப் பேரு வெட்டின பாத்திரம், அப்புறம் பாதிப் பேரு, அப்புறம் தப்புப் பேரு, அப்புறம் வராத தாம்பாளம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். “தப்பான அண்டாவைத் தைரியமா அனுப்பி வெச்சவங்க, தாம்பாளத்தை மட்டும் ஏண்டி நிறுத்தி வெச்சாங்க?”

“அதுல அவங்க ரெண்டு பேரு போட்டோ இருக்கும்.”

“கிளம்பு. மாப்பிள்ளையையும் போன் போட்டுக் கடைக்கு வரச் சொல்றேன்.”

“அவரு வேற எங்க இருக்கப் போறாரு!”

பாத்திரக்கடை அடுத்த தெருவில்தான். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். எவர்சில்வரும் பித்தளையும் அடுக்கி வைத்திருந்த அந்தப் பளபளப்புக்கு நடுவே, கவுண்டரில் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலையில் மல்லிகை. சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழுந்தது. அழகாக இல்லாமல் இருந்திருந்தால் வனிதாவுக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

“அக்கா, நீங்க வனிதா அக்காதானே? பிரசாந்த் அண்ணன் போன்ல போட்டோ காட்டுச்சு!” என்று எழுந்தே விட்டாள் சத்யா.

“பாத்தியா, அண்ணன்ங்குறா” என்று கிசுகிசுத்தாள் கலைமதி.

“ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான் கூப்புடுவாங்க” என்று பல்லைக் கடித்தாள் வனிதா.

கலைமதி எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் ஏதாவது வாங்குவாள். கேள்வி அப்புறம்தான். ஒரு சொம்பை எடுத்து நீட்டினாள். “இதுல ‘கலைமதி’ன்னு வெட்டணும்மா.”

சத்யா ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினாள். கடைசி எழுத்தைத் தட்டி முடித்ததும், திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த மெஷின் அறையிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. “கலைமதிங்குறது சொம்புக்கா, டம்ளருக்கா?”

“சொம்பு” என்று கத்தி, அதைத் திரைச்சீலை வழியாக உள்ளே கொடுத்துவிட்டு, திரையில் ‘அனுப்பு’ என்று எழுதியிருந்த பச்சைப் பட்டனை மவுசால் அழுத்தமாக அமுக்கினாள் சத்யா. உள்ளே மெஷின் கிர்ரென்று ஓட ஆரம்பித்தது.

கலைமதி வனிதாவை ஓரமாக இழுத்தாள். “கவனிச்சியா?”

“கவனிச்சேன். உதிரிப் பூவா வாங்கிக் கையால கட்டினது. யாரு வாங்கிக் குடுத்ததோ?”

“பூவை விடுடி. அவ பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடியே உள்ள இருக்கவனுக்குப் பேரு தெரிஞ்சுருச்சு. எப்படி?”

வனிதா திரைச்சீலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“நீ உள்ள போய் அந்தப் பையன் பக்கத்துல நில்லு. அவன் மெஷின்ல இருக்க திரையை மட்டும் பாரு.”

உள்ளே கோபிநாத் நின்றிருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரைக்கும் பித்தளைத் தூசி. சொம்பை மெஷினில் பொருத்திவிட்டுக் காலால் மிதித்தால், ஊசி இறங்கித் திரையில் அந்த நேரத்தில் என்ன இருக்கிறதோ அதை வெட்டிவிடும். அவன் கண் முழுக்கப் பாத்திரத்தின் மேல்தான். வனிதா திரையைப் பார்த்தாள்.

பெயர் வரும் கட்டம் காலியாக இருந்தது. அதில் ஓர் எழுத்து முளைத்தது. ‘வ’. பக்கத்தில் ‘னி’. கண்ணுக்குத் தெரியாத யாரோ எழுதிக்கொண்டு போவது போல வரி நீண்டது.

‘வனிதாவுக்குப் பொறாமை.’

அடுத்த நொடி கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக மறைய ஆரம்பித்தது. ‘மை’ தேய்ந்து ‘ம’ ஆனது. அதுவும் போனது. கட்டம் பழையபடி காலி.

“அக்கா!” என்று கத்தினாள் வனிதா.

“ரொம்பச் சரியாத் தெரியுது போல” என்று வெளியிலிருந்து நிதானமாகப் பதில் வந்தது. “நான் பட்டனைத் தொடவே இல்லடி.”

தொப்பென்று ஏதோ விழும் சத்தம். வனிதா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தபோது, கம்ப்யூட்டருக்கு முன்னால் கலைமதி உட்கார்ந்திருந்தாள்; சத்யாவின் கையிலிருந்த ஒரு டம்ளர் தரையில் உருண்டுகொண்டிருந்தது. சத்யாவின் முகத்தில் குழியும் இல்லை, சிரிப்பும் இல்லை. “பட்டனை அமுக்காமலே… உள்ள தெரியுமா?” என்றாள்.

வாசலில் பைக் வந்து நின்றது. பிரசாந்த் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தான். வனிதாவைப் பார்த்தான், அவள் முகத்தைப் படித்தான், ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தான்.

“வாங்க மாப்பிள்ளை” என்றாள் கலைமதி. “இந்த சாஃப்ட்வேர்ல சமீபத்துல என்ன மாத்துனீங்க?”

“போன வாரம் ஒரு சின்ன வேலை மேடம். முன்னாடி சத்யா பட்டனை அமுக்குனாதான் பேரு உள்ள போகும். சில நேரம் மறந்துருவாங்க. கோபி அங்கிட்டு உக்காந்துக்கிட்டு ‘வரல, வரல’ன்னு கத்துவான். அதான் அந்தப் பேரு கட்டத்துக்கு ஒரு காவல் போட்டேன்.”

“காவலா?”

“கட்டத்துல இருக்கதை வேரியபிள்னு ஒரு டப்பாவுல வெச்சிருப்போம். அது மாறுதான்னு பாத்துக்கிட்டே இருந்து, மாறின ஒடனே ‘இந்த வேலையைச் செய்’னு நாம எழுதி வெச்சதைக் கூப்பிடும். கால்பேக்னு பேரு. ஒரு எழுத்து சேர்ந்தாலும் கூப்பிடும், ஒரு எழுத்து அழிஞ்சாலும் கூப்பிடும். அந்த நிமிசமே உள்ள திரை மாறிரும்.”

“மாத்திட்டுப் பழையபடியே வெச்சுட்டா?”

“வெச்சதும் ஒரு மாத்தம்தானே மேடம். அதுக்கும் கூப்பிடும்.”

“அப்ப அந்தப் பச்சைப் பட்டன் எதுக்கு?”

பிரசாந்த் தலையைச் சொறிந்தான். “அது சும்மாதான் இருக்கு. சத்யாவுக்குப் பழகின கை. திடீர்னு எடுத்தா பயந்துருவாங்கன்னு விட்டுட்டேன்.”

சத்யா பயந்துவிடுவாளாம்! வனிதாவுக்குள் மறுபடி ஒரு கங்கு விழுந்தது. “எவ்வளவு அக்கறை! அந்த அக்கறைதான் அண்டா வரைக்கும் வந்துருக்கு போல” என்றாள்.

“எந்த அண்டா?”

அவன் முகத்தில் உண்மையான திகைப்பு. இரண்டு வருடத்தில் எத்தனையோ பொய் முகங்களைப் பார்த்தவள் வனிதா. இது பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் மனது வரவில்லை.

கலைமதி கடலைத் தோலை ஊதிவிட்டு சத்யாவிடம் திரும்பினாள். குரல் மிகவும் மென்மையாக இருந்தது. “மத்தியானம் கடையில கூட்டம் இருக்காது. வனிதா வீட்டுப் பாத்திரமெல்லாம் வெட்டி முடிச்சாச்சுன்னு நீ நெனச்சுட்ட. திரையில ரெண்டு பேரும் இருக்கு. பொண்ணு பேரை அழிச்ச. அந்த நேரத்துல உள்ள தூக்குவாளி வெட்டுனாங்க. அங்க ஒன் பேரைப் போட்ட. அப்ப அண்டா. அதோட நிறுத்தியிருக்க மாட்ட. ஏன்னா நீ பாக்கணும்னு ஆசைப்பட்டது பிரசாந்த் பக்கத்துல ஒன் பேரு இல்ல. மாப்பிள்ளை பேரையும் அழிச்சுட்டு வேற பேரு போட்ட. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்துட்டு, யாரோ வரவும் பழைய பேரையே போட்டுட்ட. பட்டனை அமுக்கலையே, யாருக்குத் தெரியப் போவுதுன்னு இருந்துட்ட. சரியா?”

சத்யாவின் கண்களில் நீர் கோத்துக்கொண்டது. “தெனமும் அடிப்பேங்கா. ஒரு தடவை பாத்துட்டு அழிச்சுருவேன். அவ்வளவுதான்.”

“யாரு பேரை?” என்று கேட்டாள் வனிதா. தன் குரல் இறங்கிவிட்டதை அவளே உணர்ந்தாள்.

“அது அந்தத் தாம்பாளத்துல இருக்கும்” என்றாள் கலைமதி, திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு. “மாப்பிள்ளை, இந்த மாத்தத்தைப் பத்தி சத்யாட்டச் சொன்னீங்களா?”

“கோபிட்டச் சொன்னேன் மேடம். அவன் சொல்லிருவான்னு…”

“அவன் ஏன் சொல்லலை?”

திரைச்சீலை விலகியது. கோபிநாத் வந்து நின்றான். துணியில் சுற்றிய வட்டமான எதையோ நெஞ்சோடு அணைத்திருந்தான்.

“சொன்னா சத்யா பேரு அடிக்கிறதை நிறுத்திரும்னுதாங்கா” என்றான்.

கோபிநாத் அந்தத் துணிச் சுற்றை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

“மத்தியானம் ஆனா திரையில என் பேரு வரும். கோ… பி… னு ஒவ்வொண்ணா வரும். பக்கத்துல அதோட பேரு வரும். அப்புறம் ஒவ்வொண்ணா போயிரும். எனக்கு அந்த வாரம் பூரா சோறே எறங்கலக்கா. இவங்க பாத்திரம் வெட்டுன அன்னைக்கு மெஷினை மிதிச்சுக்கிட்டே இருந்தேன், திரையைப் பாக்கல. தொடைக்கிறப்பதான் தாம்பாளத்தைப் பாத்தேன். அதுக்கப்புறம் வேற எதுவும் கண்ணுல படல. முன்னாடி வெட்டுனதெல்லாம் மூட்டை கட்டி வண்டியில ஏத்தியாச்சு. இதை மட்டும் அனுப்ப மனசு வரல.”

துணியைப் பிரித்தான். தாம்பாளத்தின் விளிம்பில், கொடிப் பூவுக்கு நடுவே, ‘கோபிநாத் – சத்யா’ என்று இருந்தது.

“பாத்துக்கிட்டே இருந்தியா?” சத்யாவின் குரல் உயர்ந்தது. “ஒரு வாரமா? நான் அடிச்சு அழிக்கிறதெல்லாம் உள்ள உக்காந்து படம் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருந்தியா? வாயில என்ன கொழுக்கட்டையா? இங்கிட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?”

“நீயும் சொல்லலையே…”

“நான் அடிச்சேன்ல!”

அவள் தாம்பாளத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். விட்டெறியப் போகிறாள் என்று எல்லோரும் ஓர் அடி பின்வாங்கினார்கள். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கல்யாணப் பாத்திரம்னா தேதி போடணும்னு தெரியாது?” என்றாள். “இதுல தேதி எங்க?”

கோபிநாத்தின் முகத்தில் வந்த வெளிச்சத்தில் கடைப் பித்தளையெல்லாம் மங்கிப் போனது.

வனிதா மெதுவாகப் படியிறங்கி வெளியே வந்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் காலையிலிருந்து பிடித்துக்கொண்டிருந்த கோபம் கையைவிட்டுப் போனதும், என்ன செய்வதென்று தெரியாமல் கை வெறுமையாக இருந்தது.

பிரசாந்த் பின்னாலேயே வந்தான். “புது அண்டா சாயங்காலத்துக்குள்ள வெட்டிருவான். நான் நின்னு பாத்துத் திரையைப் பூட்டிட்டுத்தான் வருவேன்.”

“ம்.”

“எங்கிட்ட நேரா கேட்டுருக்கலாம்ல வனிதா?”

“கேட்டா ‘அது ஒனக்குப் புரியாது’ம்பீங்க. சத்யாவுக்கு மட்டும் எல்லாம் புரியும்.”

அவன் தன் போனை எடுத்து அவளிடம் நீட்டினான். அவளோடு பேசும் பக்கம். வரிசையாக ‘குட் நைட்’, ‘குட் நைட்’ என்று மட்டுமே இருந்தது.

“எங்கிட்டயும் ஒரு கேஸ் இருக்கு” என்றான். “அன்னைக்கு டீக்கடையில ஒண்ணுமில்லேன்ன. அன்னைக்கு ராத்திரியே ஆரம்பிச்சுச்சு. ஒன் பேருக்குக் கீழ ‘டைப்பிங்’னு வரும். நிக்கும். மறுபடி வரும். ரொம்ப நேரம் வரும். கடைசியில ‘குட் நைட்’. குட் நைட் அடிக்க இவ்வளவு நேரமா?”

வனிதாவுக்குக் காது மடல் சூடானது.

“இந்த ஆப்பை எழுதுனவன் என்னைவிடக் கெட்டிக்காரன். நீ அடிக்கிறேங்குறதை மட்டும் காட்டுறான், எழுத்தைக் காட்டல. வேற யாருக்கோ அனுப்ப வேண்டியதை எனக்கு அடிச்சு அழிக்கிறாளோன்னு எத்தனை நாள் தூங்காம கெடந்துருக்கேன் தெரியுமா? நீ இன்னைக்கு அண்டாவைத் தூக்கிக்கிட்டு வந்துட்ட. நான் எதைத் தூக்கிக்கிட்டு யாருட்டப் போறது?”

இவனுக்கும் பொறாமையா! இல்லாத ஒருவன் மேல்! சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. அவள் பழக்க தோஷத்தில் தன் போனை எடுத்தாள். ‘எங்க’ என்று அடித்தாள். அவன் கையிலிருந்த போனில் ‘டைப்பிங்’ என்று வந்தது.

அவள் நிறுத்தினாள். மூன்று எழுத்தையும் அழித்தாள். அவன் போனிலும் அது நின்றது. அவன் நிமிர்ந்து பார்த்தான், ஒவ்வொரு ராத்திரியும் பார்த்திருக்கக் கூடிய அதே முகத்தோடு.

கடைக்குள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. வாசல்படியில் வந்து நின்ற கலைமதி, இருவரையும் பார்த்துவிட்டு, கடலைப் பொட்டலத்தோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வனிதா நினைத்தது அன்னவாசல் வீட்டை. நாளைக்குச் சீர் எல்லாம் போன பிறகு காலியாகும் அந்தக் கூடத்தை. ‘நீ போயிட்டா இந்த வீட்டுல நானும் இந்த ஃபேனும்தான்’ என்று, யாரையும் குறை சொல்லாமல், புளித் தண்ணியில் கை நனைந்தபடி அம்மா காலையில் சொன்னதை. மகள் வீட்டில் போய் இருந்தால் ஊர் என்ன பேசும் என்று அம்மாவே மறுப்பாள் என்பதும், மாமியாரைக் கூடவே வைத்துக்கொள்ள எந்த மாப்பிள்ளை ஒப்புவான் என்பதும், அவள் ராத்திரிகளில் அடித்து அடித்து அழித்த வரிகள்தான்.

போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

“எங்கம்மா நம்மகூட வந்து இருக்கணுங்க” என்றாள், தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி. “கொஞ்ச நாளைக்கு இல்ல. எப்பவும்.”